ஜோன்ஸ் கொடுத்த கியாரண்டி

"இது வேண்டாம் சார். இது செத்த மெஷின்" என்றார் ஜோன்ஸ்.

"எனக்கு இதுதான் வேணும்" என்றார் ஜேசுபாதம். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவர்.

பழைய துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் ஜோன்ஸின் கடை. மில்லிலும் லேபிலும் கழித்துக் கட்டிய கருவிகளை வாங்கி, பழுது பார்த்து விற்பார். பழசை விற்றாலும் பொய் சொல்லி விற்கிறதில்லை என்று தூத்துக்குடியில் அவருக்கு ஒரு பேர் உண்டு. கடை ஓடுவதே அந்தப் பேரில்தான்.

மேஜையில் நிறம் அளக்கிற ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் இரண்டு இருந்தன. ஒன்று நல்லது. இன்னொன்றைத்தான் ஜேசுபாதம் கட்டிப்பிடிக்காத குறையாக வைத்திருந்தார்.

"மறுபடியும் சொல்லுதேன் சார். இது துணி மேல வெளிச்சத்தை அடிக்கும். திரும்பி வாற வெளிச்சத்தை நிறம் நிறமாப் பிரிச்சு அளக்கும். நீங்க காட்டுன மாதிரித் துணிக்கும் இதுக்கும் எவ்வளவு வித்தியாசம்னு நம்பர் சொல்லும். ஒண்ணுக்குக் கீழ வந்தா ஒரே நிறம். பழசு வாங்கும்போது, ஒரே துணியை எத்தனை தடவை வச்சாலும் ஒரே நம்பர் வருதான்னு பாக்கணும்."

"வருதே அண்ணாச்சி! எப்பம் வச்சாலும் பூஜ்யம் புள்ளி மூணு."

"எதை வச்சாலும் அதான சார் வருது!"

வீட்டுக்கு வாங்கி வைத்திருந்த கத்தரிக்காயை எடுத்து வைத்துக் காட்டினார் ஜோன்ஸ். 0.3. தின்ன வைத்திருந்த முந்திரி மக்ரூன் ஒன்றை வைத்தார். 0.3. பொறுமை போய், ஜேசுபாதத்தின் வழுக்கைத் தலையிலேயே வைத்துவிட்டார். அதுவும் 0.3.

"பாத்தியளா? உங்க தலையும் நீங்க மாதிரிக்குக் கொண்டாந்த நீலத் துணியும் ஒண்ணுங்குது. சென்சார் போச்சு சார். முதல்ல காட்டுன நிறத்தையே பிடிச்சுக்கிட்டு நிக்கி."

ஜேசுபாதம் தலையைத் தடவிக்கொண்டார். "இதையே பெட்டியில போடுங்க."

"பள்ளிக்கூடத்துக்கு எதுக்கு சார் இது?"

"யூனிபார்ம் பாக்க. மாதிரித் துணியோட நிறம் ஒத்துவராத பிள்ளைகளைத் திங்கக்கிழமையில இருந்து வீட்டுக்கு அனுப்பணுமாம். தாளாளர் உத்தரவு. அவர் மருமகன் கடையில புதுத் துணி எடுத்துட்டு வந்தாத்தான் வகுப்பாம்."

ஜோன்ஸுக்குச் சுருக்கென்றது. உப்பளத்து வேலைக்காரர்களின் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடம் அது. அக்கா போட்டதைத் தங்கச்சி போடுவாள். உப்புத் தண்ணீரில் அலசி அலசி நீலம் சாம்பலாகியிருக்கும். அந்தப் பிள்ளைகளைத் துரத்த ஒரு மெஷின், அதை வாங்கிவர ஒரு வாத்தியார். அதையாவது பார்த்து வாங்கத் துப்பிருக்கிறதா!

"ரெண்டையும் ஒரே விலைக்குத் தாரேன், நல்லதை எடுங்க. இதுக்கு ஒரு நாள்கூட கியாரண்டி தரமாட்டேன்."

"கேக்கவே இல்லையே" என்று சிரித்தபடி பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார் மனுஷன்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஜோன்ஸுக்கு இருப்புக் கொள்ளவில்லை. 'ஜோன்ஸ் செத்த மெஷினைத் தள்ளிவிட்டுட்டான்' என்று ஊரே பேசுகிற மாதிரி இருந்தது. பிள்ளைகளைத் துரத்துகிற பாவம் அவர்களோடு, நம் கடைப் பேர் கெடக் கூடாது. திங்கள் காலையில் நல்ல மெஷினைப் பையில் போட்டுக்கொண்டு, சும்மாவே மாற்றிக் கொடுத்துவிடலாம் என்று கிளம்பினார்.

மைதானத்தில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். தாளாளர் தங்கதுரை வெள்ளையும் சொள்ளையுமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஜேசுபாதம் ஒவ்வொரு துணியிலும் மெஷினை வைத்தார்.

"பூஜ்யம் புள்ளி மூணு. பாஸ். அடுத்து."

கடைசியில் நின்றாள் வேல்விழி என்ற பிள்ளை. அவள் பாவாடை ஒரு காலத்தில் நீலமாக இருந்திருக்கலாம். வீட்டுக்குப் போகத் தயாராகப் பையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, கண் கலங்கி நின்றாள்.

"பூஜ்யம் புள்ளி மூணு. பாஸ்!"

நம்ப முடியாமல் ஒரு கணம் நின்றவள், வகுப்புக்கு ஒரே ஓட்டமாக ஓடினாள். அப்போதுதான் ஜோன்ஸுக்கு விளங்கியது. பை ஜிப்பில் இருந்த கையை எடுத்துவிட்டார்.

"நில்லும்வே, அந்தப் பாவாடை எப்படி பாஸு?" தாளாளர் எழுந்து வந்தார். மெஷினைப் பிடுங்கித் தன் சட்டையிலேயே வைத்தார்.

0.3. பாஸ்.

"வெள்ளைச் சட்டை எப்படிவே நீலமாவும்?"

ஜேசுபாதத்தின் வழுக்கையில் வேர்வை அரும்பியது.

"இதை வித்தவன் எவன்?"

"நாந்தான் அய்யா." ஜோன்ஸ் பையைக் காலால் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டு முன்னால் வந்தார். "சட்டைத் துணி எங்க எடுத்தது?"

"என் மருமகன் கடையிலதான். ஏன்?"

"அதான பாத்தேன்! நிறம் வேறன்னாலும் தரம் ஒண்ணுதானய்யா? உங்க மருமகன் கடைத் துணின்னா இந்த மெஷின் டக்குன்னு கண்டுபிடிச்சிரும்."

தாளாளர் மெஷினைப் பார்த்தார். சட்டையைப் பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது.

"அப்பம் இத்தனை பிள்ளைகளும் நம்ம கடைத் துணிதான் போட்டிருக்கு! நல்ல மெஷின்தான்வே. கியாரண்டி எத்தனை வருஷம்?"

ஜோன்ஸ் வகுப்பறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"இந்தப் பிள்ளைக எல்லாம் பிளஸ் டூ முடிக்கிற வரைக்கும், அய்யா."