பட்டுப்போன செடி

"நம்ம கொல்லையிலேர்ந்து போன மாசம் வேரோட பிடுங்கிண்டு வந்து நட்டிருக்கா சார்" என்றார் மிராசுதார் ராஜகோபாலன்.

ரெவின்யூ இன்ஸ்பெக்டர் கோவிந்தராசு குடிசை வாசலில் குந்தி, செடியின் அடித்தண்டைத் தொட்டுப் பார்த்தார். கட்டைவிரலை விடப் பருமன். இடுப்புக்கும் கீழே நின்ற குத்துச்செடி. கிளைக்குக் கிளை, சின்னச் சின்ன மணிகளைப் போல வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூக்கள்.

பெங்களூர்ப் பூ என்பார்கள் அந்த ஊரில்.

கண்ணாத்தாள் சுவரோரம் நின்றாள். காலையிலிருந்து நிற்கிறாள். கால் கடுத்தது.

புதுச் சட்டம் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மிராசுதார் மனையில் குடிசை போட்டிருப்பவருக்கு அந்த மனையே சொந்தம். ஆனால் சட்டம் வந்த நாளில் அங்கே குடியிருந்திருக்க வேண்டும்.

கண்ணாத்தாள் அதற்கு எத்தனையோ காலம் முன்பு, புருஷன் உயிரோடிருந்தபோதே வந்தவள். ஆனால் போன ஐப்பசி மழையில் குடிசை விழுந்துவிட்டது. திரும்பக் கட்டினாள். சுவர் புதுசு. கீற்றும் புதுசு. இவள் இந்த வருஷம்தான் வந்து குந்தினாள் என்று ராஜகோபாலன் சொன்னபோது, பார்க்கவும் அப்படித்தான் இருந்தது.

தோப்போரத்தில் தனிக் குடிசை. சாட்சி சொல்ல ஒருவரும் வரவில்லை. எல்லாரும் அவர் வயலில் வேலை செய்கிறவர்கள்.

அங்கே பழையதாக இருந்தது அந்தச் செடி ஒன்றுதான்.

"அய்யா வூட்டுக் கொல்லையில செடியெல்லாம் நான்தாங்க பாத்துக்கறேன்" என்றாள் கண்ணாத்தாள். "பூ ஓஞ்சதும் நுனிய நறுக்கிவுடணும். நறுக்குன போத்துக் குச்சிதான் இது. கொண்டாந்து ஊணி அஞ்சாறு வருசமாச்சு."

"யாரு குடுத்தா?"

அவள் கொஞ்சம் தயங்கினாள்.

"கீழ கெடந்துச்சுங்க."

கோவிந்தராசு எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். அன்றைக்கு அவர் பார்க்கிற நாலாவது மனை. "இதே செடி உங்க வீட்ல இன்னும் இருக்குங்களா? பாத்துடலாம் வாங்க."

"பேஷா வாங்கோ" என்றார் ராஜகோபாலன். அப்படி ஒரு செடி கொல்லையில் இருப்பதே, அவர் கணக்குவழக்கைப் பார்க்கும் காரியஸ்தர் நேற்றுச் சொல்லித்தான் அவருக்குத் தெரியும்.

கண்ணாத்தாளும் பின்னாலேயே போய்க் கொல்லை வாசலோடு நின்றுகொண்டாள். கொல்லைக் கதவை விஜயம் திறந்தாள். ராஜகோபாலனின் மனைவி. ஒடிசலான உடம்பு. அன்று முகம் கூடுதலாக வெளிறியிருந்தது.

"அந்தப் பெங்களூர்ச் செடி எங்கே? சாருக்குக் காட்டு."

"அதுவா?" என்றாள் விஜயம். "அது பட்டுப்போய் ரெண்டு வருஷமாயிடுத்தே. நம்மூர் வெயில் தாங்கலை."

கறிவேப்பிலை தீர்ந்துவிட்டது என்று சொல்வது போலத்தான் சொன்னாள்.

கிணற்றடிக்கு அப்பால் கீரைப் பாத்தி ஒன்று இருந்தது. விதை தூவி, தண்ணீர் தெளித்து, மேலே வைக்கோல் போட்டிருந்தது. வேறு எதுவும் இல்லை.

ராஜகோபாலன் மனைவியைப் பார்த்தார். கிணற்றடியைத் தாண்டி அவர் வந்து வருஷக்கணக்காகிறது. அவள் சொல்வது பொய் என்று சொல்ல அவரிடம் ஒன்றுமில்லை. இருந்திருந்தாலும், அதிகாரி எதிரே எப்படிச் சொல்வது?

"அப்போ ரெண்டு வருசத்துக்கு முன்னாடியே இங்கேருந்து போன செடி" என்றார் கோவிந்தராசு மெதுவாக. "போன மாசம் புடுங்க இங்க செடியே இல்ல. அப்படித்தானுங்களே?"

மிராசுதார் உள்ளே போய்விட்டார்.

சைக்கிளில் ஏறுமுன் கோவிந்தராசு கண்ணாத்தாளிடம் சொன்னார். "பட்டா வரும்மா. நாலு தடவ தாலுக்கா ஆபீசுக்கு அலைய வேண்டியிருக்கும். ஆனா வந்துடும்."

அவள் கும்பிட்டாள். சந்தோஷப்படத்தான் வேண்டும். உடம்பில் அதற்குத் தெம்பில்லை.

அவர் போன பிறகும் அவள் போகவில்லை. கொல்லைக்குள் வந்து, கீரைப் பாத்தியின் ஓரத்தில் காலை வைத்தாள். கணுக்கால் வரை புதைந்தது. கீரைக்கு யாரும் அவ்வளவு ஆழம் கொத்துவதில்லை.

அறுவடைக்குப் போனதால் ஒரு வாரமாக அவள் இந்தப் பக்கம் வரவில்லை. போன வாரம் இதே இடத்தில் மூன்று செடிகளுக்கு அவள்தான் களை எடுத்தாள். மூன்றும் பூத்து நின்றன.

வெந்நீர் அடுப்பிலிருந்து கரும்புகை வந்தது. விஜயம் அதன் முன்னால் உட்கார்ந்து பச்சைக் கிளைகளை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள். இலையும் பூவுமாக இருந்தன. சுவரில் சாய்த்திருந்த கடப்பாரையில் மண் இன்னும் காயவில்லை. அவளுடைய உள்ளங்கை இரண்டும் கொப்புளித்திருந்தன.

அவள் அண்ணா பெங்களூரிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்த செடிகள். அபீலியா என்று பெயர். மத்தியான வெயிலுக்குக் கீற்று சாய்த்து, வேரில் தண்ணீர் தேங்காமல் மணல் கலந்து, பன்னிரண்டு வருஷம் வளர்த்தாள்.

"ஏம்மா..." என்றாள் கண்ணாத்தாள்.

"உன் செடி போன மாசம் பிடுங்கினதுன்னு சொல்லப்போறதா நேத்து காரியஸ்தர்கிட்டே பேசிண்டிருந்தார். காதிலே விழுந்தது." விஜயம் திரும்பவில்லை. "போத்து ஒடிச்சு உன் கையிலே குடுத்தது நான்தான்னு அவர் எதிர்க்கச் சொல்ல எனக்குத் தைரியம் வரலை, கண்ணாத்தா."

ஒரு போத்து கொண்டுவந்து ஊன்றித் தரட்டுமா என்று கேட்கக் கண்ணாத்தாள் வாயெடுத்தாள். கேட்கவில்லை. இரண்டு வருஷம் முன்பே பட்டுப்போன செடி இந்தக் கொல்லையில் இனித் துளிர்க்க முடியாது.

"புகை கண்ணைக் கரிக்கிறது. தள்ளி நில்லு" என்றாள் விஜயம்.

கண்ணாத்தாள் தள்ளி நிற்கவில்லை.