ஞாயிறன்று விழாத தூசி

பக்கத்து வீட்டு வாத்தியார் மினோவா தினமும் தம் கூரைமேல் ஏறி, கரும்பொடியைக் காந்தத்தால் திரட்டி, தேதி எழுதிப் பொட்டலம் கட்டினார். சகாய் நகரத்துக் கத்திப் பட்டறைக்காரர் இசொகாய்க்குச் சந்தேகம் வந்தது. நகராட்சியில் புகார் கொடுத்துப் பட்டறையை மூடவைக்கத்தான் இந்த வேலை.

“என்ன வாத்தியாரே, எனக்கு எதிரா ஆதாரம் சேக்குறீரா?”

“அட போங்கண்ணே! இது விண்வெளியிலேர்ந்து விழுற தூசி. மூணு வருஷமா சேக்குறேன். வந்து பாருங்க.”

நுண்ணோக்கியில் குட்டிக் குட்டி இரும்பு உருண்டைகள் மின்னின. தம் சாணையில் பறக்கும் தீப்பொறி ஆறினால் இப்படித்தான் உருண்டையாகும் என்பது இசொகாய்க்குத் தெரியும்.

“ஒண்ணுதாண்ணே புரியல. ஞாயித்துக்கிழமை மட்டும் ஒரு பொடிகூட விழமாட்டேங்குது.”

அன்று பட்டறைக்கு விடுமுறை.

இசொகாய் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “மேலயும் லீவு விடுவாங்க போல.”