மூன்று கரண்டி முட்டை மா

“லூர்த்தம்மா, எனக்கும் சேர்த்துக் கரை பிள்ளை. மூண்டு பேருக்குமாச் சுடு.”

லூர்த்தம்மா கரண்டியோடு நிமிர்ந்து பார்த்தாள். தொண்ணூற்றைந்து ஐப்பசியில், இராணுவம் வருகிறதென்று வலிகாமமே எழும்பி நடந்துவந்து ஆறு நாளாகிறது. கொடிகாமத்துப் பள்ளிக்கூட வளவில் அவளும் குணலட்சுமியும் மூன்று கல் வைத்த ஒரே அடுப்பில்தான் சமைக்கிறார்கள். இத்தனை நாளும் இந்த முட்டை மாப் பேணியைக் கண்டாலே முகத்தைச் சுளித்தவள் குணலட்சுமி. கோழி போட்ட முட்டையைச் சாப்பிடுவாளாம், தகரத்துக்குள் இருந்து வருகிற முட்டையை நம்பமாட்டாளாம்!

“என்னக்கா, நேற்றும் ‘உதென்ன கோதாரி மஞ்சள் தூள்’ எண்டு நக்கலடிச்சனீங்கள். இண்டைக்கு என்ன வந்தது?”

குணலட்சுமி சிரிக்கவில்லை. மருமகள் பூரணம் கிணற்றடியில் துணி அலசுவதை எட்டிப் பார்த்துவிட்டு அடுப்புக்குப் பக்கத்தில் வந்து குந்தினாள்.

“காலமை எங்கடை கோப்பாய்த் தம்பிஐயா சைக்கிளிலை வந்தவனெல்லே, அவன் சொல்லிப்போட்டுப் போறான். என்ரை மோன் சீவரத்தினம் இல்லையாம் பிள்ளை. மாடுகளை அவிட்டு விட்டிட்டுப் பின்னாலை வாறன் எண்டு நிண்டவன். வாசலிலேயே ஷெல் விழுந்திட்டுதாம். அயலிலை மிஞ்சி நிண்ட நாலு பேர்தான் எரிச்சவையாம்.”

கரண்டி பேணிக்குள் விழுந்தது. “ஐயோ மாதாவே!”

“சத்தம் போடாதை! அவளுக்கு ஏழு மாசம். கேட்டாளெண்டால் கோப்பாய்க்குத் திரும்பி நடப்பாள். நான் பிடிச்சாலும் நிக்கமாட்டாள். நாளைக்கு விடியக் கிளாலிக்கு நடக்கவேணும், வள்ளம் ஏறவேணும். அங்காலை கரையிலை இறங்கினாப் பிறகு நானே சொல்லுறன்.”

“அதுக்கு முட்டை ஏனக்கா?”

“செத்தவீட்டுக்காரர் முப்பத்தோராம் நாள் முடியுமட்டும் மீன், முட்டை எண்டு ஒரு மச்சமும் வாயிலை வைக்கிறேல்லை. மத்தியானம் கருவாட்டுக் குழம்பை நான் தள்ளி வைக்க, அவள் என்னை ஒரு பார்வை பார்த்தவள். பின்னேரமும் மரக்கறி எண்டு நிண்டால் விசயத்தைப் பிடிச்சுப்போடுவாள். கருவாடும் முடிஞ்சுது, உன்ரை முட்டைதான் கிடக்கு. பெத்த பிள்ளைக்குத் துடக்குக் காக்காதவள் எண்டு கடவுள் கோவிச்சால் கோவிக்கட்டும்.”

லூர்த்தம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கப்பலில் குசினி வேலை பார்த்த அண்ணன் கனிசியஸ் கொண்டுவந்து கொடுத்த பேணி அது. மூன்று டசின் முட்டை அதற்குள் அடக்கம். தூக்கினால் பாரமில்லை, விழுந்தாலும் உடையாது. குருநகர் வீட்டில் தையல் மெஷினையே விட்டுவிட்டு ஓடிவந்தவள், இதை மட்டும் பையில் போட்டுக்கொண்டு நடந்தாள்.

ஆளுக்கு ஒரு கரண்டி மா, அதற்கு இரண்டு கரண்டி தண்ணீர். துளித்துளியாக விட்டுக் கட்டிபடாமல் கரைத்து, கால் மணி நேரம் ஊறவிட வேண்டும். அவசரப்பட்டால் வாயில் மணல் மாதிரி நெருடும். இன்றைக்குக் கவனம் பிசகித் தண்ணீர் கூடிவிட்டது. காய்ந்த மிளகாயைக் கிள்ளிப் போட்டு, வெயிலில் காயவைத்த வெங்காயத்தையும் தூவித் தாச்சியில் ஊற்றினாள். பக்கத்தில் பனங்கிழங்கு ஒடியல் மாப் பிட்டு அவிந்துகொண்டிருந்தது.

“மணம் கிணற்றடி மட்டும் வருது அன்ரி!” பூரணம் ஈரத் துணிகளோடு வந்தாள். “என்ன மாமி, இண்டைக்கு நீங்களும் சாப்பாட்டுக் கோப்பையோடை இருக்கிறியள்? என்ரை பங்கு குறையப்போகுது!”

“உன்ரை பங்கை ஆர் கேட்டது? நாளைக்கு நடக்கவேணும். வயித்துக்குப் பிடிமானமா ஏதும் வேணுமெல்லே?”

குணலட்சுமி ஒரு துண்டைப் பிய்த்து வாயில் வைத்தாள். விழுங்க ஒரு செம்புத் தண்ணீர் தேவைப்பட்டது. பூரணம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எப்பிடி மாமி?”

“நல்லாத்தான் கிடக்கு. இவ்வளவு நாளும் விசர்த்தனமா விட்டிட்டன்.”

அப்புறம்தான் பூரணம் சாப்பிடத் தொடங்கினாள். ஒரு துண்டை முடித்துவிட்டு இன்னொன்றுக்குக் கோப்பையை நீட்டினாள்.

“பேணியிலை கொஞ்சம் மிச்சம் பிடியுங்கோ அன்ரி. அவர் வந்தால் குடுக்கவேணும். முட்டையெண்டால் அவருக்கு உயிர்.”

“வருவான், வருவான். நீ தின்னு பிள்ளை,” என்றாள் குணலட்சுமி.

இந்தப் பெட்டை ஒன்றும் அறியாமல் இப்படி ஆசைப்பட்டுச் சாப்பிடுகிறதே! கிழவிக்கு மட்டும் எங்கிருந்து இவ்வளவு தைரியம் வந்தது? யாருடைய முகத்தையும் பார்க்க முடியாமல் லூர்த்தம்மா தாச்சியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

சாப்பாடு முடிந்ததும் குணலட்சுமி பை கட்டப் போய்விட்டாள். பூரணம் கோப்பைகளைக் கழுவ எடுத்தவள், அப்படியே வைத்துவிட்டு வேலியோரம் ஓடினாள். தின்றது முழுவதும் வெளியே வந்தது. லூர்த்தம்மா ஓடிப்போய் அவள் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

“வயித்துப் பிள்ளையோடை இப்பிடி அள்ளித் தின்னலாமோ? பொறு, மாமியைக் கூப்பிடுறன்.”

பூரணம் அவள் கையை இறுக்கிப் பிடித்தாள்.

“கூப்பிடாதேங்கோ அன்ரி! அவர் இல்லையெண்டு எனக்கு முந்தநாளே தெரியும். கிணற்றடியிலை எங்கடை ஊர்ச் சனம் கதைச்சது காதிலை விழுந்தது. நான் மச்சத்தை விட்டால் மாமி பிடிச்சுப்போடுவா. பிறகு மோனைப் பாக்கவேணும் எண்டு கோப்பாய்க்குத் திரும்பி நடப்பா. அங்காலை கரையிலை இறங்கட்டும், நானே சொல்லுறன்.”