இடுப்பொடியச் சுட்ட கச்சாயம்

"இடுப்பொடிய அடுப்படியில நின்னு சுட்டேன் கண்ணு. கச்சாயம் எப்படி இருந்துச்சு?"

தீபாவளிப் பலகாரத்தைப் பெங்களூர் மகனுக்குப் பார்சல் அனுப்பியதிலிருந்து சாந்தாமணிக்கு இதே கேள்விதான்.

"வாயில வெச்சாக் கரையுதும்மா!" என்றான் மனோஜ்குமார் போனில். "முறுக்கை ஆபீஸ்ல புடுங்கித் தின்னுபோட்டாங்க. உன்ற கைப்பக்குவம் எந்தக் கடையில வரும்?"

சாந்தாமணிக்கு உச்சி குளிர்ந்தது. "கடைப் பலகாரத்தைத் தொட்டுக்கூடப் பாத்துராதே கண்ணு. உடம்புக்கு ஆகாது."

அவள் போனை வைக்கவும், கணவர் பாலுசாமி வாசலிலிருந்து ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரவும் சரியாக இருந்தது. அவள் பெங்களூருக்கு அனுப்பிய அதே பெட்டி. ஒட்டிய டேப் கூடப் பிரியவில்லை.

"கூரியர்காரரு குடுத்துட்டுப் போறாரு. வேண்டாம், திருப்பி அனுப்பிருங்கன்னு உன்ற பையனே சொல்லிப்போட்டானாமா" என்றார் மெல்ல.

அழப்போகிறாள் என்று பயந்து தோள் துண்டை நீட்டினார். சாந்தாமணி அழவில்லை. அவசர அவசரமாகப் பெட்டியைப் பிரித்து, கச்சாயப் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தாள். காந்திபுரத்துப் பலகாரக் கடையின் ஸ்டிக்கர் பளிச்சென்று சிரித்தது.

"நல்லவேளை, திரும்பி வந்துச்சு! இதைக் கிழிக்காமயே அனுப்பிச்சுப்போட்டேன்."

நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, மதுக்கரையில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டாள்.

"அம்மணி, உனக்கோசரம் இடுப்பொடிய அடுப்படியில நின்னு..."