துர்காவுக்குச் சுட்ட மீன்

“வேணாங்க்கா, மீனு வாடையே எனக்கு ஆவல” என்று துர்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

“இன்னும் அடுப்புலயே வைக்கல. அதுக்குள்ள வாடை வந்துடுச்சா?” என்றாள் அனுசியா.

செராமிக் கம்பெனியில் பகல் முழுக்கப் பொம்மைகளைத் தேய்த்து அடுக்கிவிட்டு, பஸ்ஸில் நின்றபடியே வந்தவள். நகக்கண்ணில் வெள்ளை மண் அப்படியே இருந்தது. வரும் வழியில், கொடுவா மீனைத் தோலும் முள்ளும் எடுத்துத் தரச் சொல்லிக் கடைக்காரரிடம் மல்லுக்கு வேறு நின்றிருந்தாள்.

“காலையில வச்ச கஞ்சியக் குடிச்சியா?”

மூடிய கிண்ணம் மூடியபடியே இருந்தது.

“எடை இன்னும் கொறஞ்சா அடுத்த ஊசி போட மாட்டோம்னு புதுச்சேரி டாக்டரு சொன்னாரே, காதுல வுழுந்துச்சா இல்லியா?”

“எதத் தின்னாலும் இரும்ப நக்குற மாதிரி இருக்குதுக்கா. நான் என்னதான் பண்றது?”

“அதுக்குத்தான் அந்த ஆஸ்பத்திரி நர்ஸம்மா வழி சொன்னாங்க. எண்ணெய் இல்லாம மீனச் சுட்டு, புளிப்புப் பழத்த நறுக்கி மேல போட்டுக் குடுக்கணுமாம். அவங்க துபாய்ல வேலை பாத்தப்ப அங்க அப்பிடித்தான் குடுப்பாங்களாம்.”

“பழத்தோட மீனா?”

“நான் மட்டும் என்ன கண்டேன்? தின்னு பாத்து நீதான் சொல்லணும்.”

அனுசியா பின்பக்கம் போய்க் கரியைப் பற்ற வைத்து, கம்பி வலையின் மேல் மீன் துண்டுகளைப் பரப்பினாள். கமலா ஆரஞ்சைத் தோலுரித்து, சுளைகளை விதை நீக்கிக் கிள்ளிப் போட்டாள். பொடியாக அரிந்த வெங்காயம், கொத்தமல்லி, ஒரு துளி பச்சை மிளகாய், மேலே எலுமிச்சைச் சாறு. கலந்து வைத்துவிட்டு ஒரு நிமிடம் சுவரில் சாய்ந்தவள் அப்படியே கண்ணயர்ந்து போனாள்.

“அக்கா, மீனு தீயுது!”

பக்கத்துப் போர்ஷனுக்கு இந்த வாரம்தான் குடிவந்த பெரியநாயகி ஓடி வந்து துண்டுகளைத் திருப்பிப் போட்டாள். ஓரம் மட்டும்தான் கருகியிருந்தது. கருகியதைக் கிள்ளி எறிந்துவிட்டு, தட்டோடு உள்ளே போனாள் அனுசியா. பெரியநாயகியும் பின்னாலேயே வந்தாள்.

துர்காவை அனுசியா தூக்கி உட்கார வைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, மீனைப் பிட்டுப் பழக்கலவையோடு ஊட்டினாள். துர்கா கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். ஓங்கரித்துத் துப்பிவிடுவாளோ என்று அனுசியாவின் இடது கை கிண்ணத்தைத் தேடியது.

“புளிப்பு தெரியுதுக்கா” என்றாள் துர்கா. சொல்லிவிட்டு மறுபடி வாயைத் திறந்தாள்.

அனுசியா தட்டு காலியாகும்வரை ஊட்டினாள். வாயைத் துடைத்துவிட்டு, போர்த்திவிட்டு, பின்பக்கம் வந்து அடுப்பருகே பொத்தென்று உட்கார்ந்தாள்.

“நீங்க சாப்புடலியாக்கா?”

“இருக்கட்டும். எழுந்து போட்டுத் திங்க ஒடம்புல தெம்பில்ல.”

“ஆமா, உங்க தங்கச்சி வூட்டுக்காரரு எங்க இருக்காரு?” பெரியநாயகி குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“புத்துநோயின்னு தெரிஞ்சதும் ஆஸ்பத்திரியிலயே வுட்டுட்டுப் போயிட்டாரு. செல்லுல கூப்ட்டா எடுக்கல. அப்புறம் நம்பரையே மாத்திட்டாரு.”

“அடப்பாவி! பொண்டாட்டிய இப்பிடியா வுட்டுட்டுப் போவான்? நல்லவேளை, நீங்க போயி கூட்டியாந்தீங்க. எவன் வுட்டாலும் கூடப் பொறந்தவ வுடுவாளா?”

அனுசியா சொம்புத் தண்ணீரைக் கரியின் மேல் ஊற்றினாள். புகை அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இவ என் தங்கச்சி இல்லம்மா. அந்த மனுஷன் மொதல்ல வுட்டுட்டுப் போனது என்னத்தான், இவளக் கட்டிக்கிறதுக்காக.”