நீட்டாத கைகள்

ஞாயிறு காலை. பூங்காவில் தாய்ச்சி என்ற சீன உடற்பயிற்சி வகுப்பின் முதல் நாள். கை நடுக்கத்துக்கு நல்லது என்று டாக்டர் சொன்னதால் வந்திருந்த அபிராமி, முன்வரிசையில் நின்றவரைக் கண்டு வெலவெலத்துப் போனாள். பனியன் கம்பெனியில் அவளுடைய சூப்பர்வைசர் ஷரீபுன்னிசா!

“ரெண்டு கையையும் முன்னால நீட்டுங்க,” என்றார் பயிற்சியாளர்.

அபிராமி கைகளைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டாள். நடுக்கம் தெரிந்தால் நாளைக்கே தையல் மெஷினிலிருந்து எழுப்பிவிடுவார்கள்.

“முன்வரிசை அம்மா! கையைக் கட்டிக்கிட்டு நின்னா தாய்ச்சி வராதுங்க!”

எல்லோரும் சிரித்தார்கள். ஷரீபுன்னிசா கட்டிய கைகளோடு சட்டெனத் திரும்பினார். அபிராமியைக் கண்டதும் நேராக அவளிடம் வந்தார்.

“கையைக் காட்டு கண்ணு.”

“மேடம்... வேலையை விட்டு எடுத்துராதீங்க!”

அபிராமியின் நடுங்கும் கையை ஷரீபுன்னிசா பற்றினார். பற்றிய கையும் அப்படியே நடுங்கியது.

“கம்பெனியில என்னையப் பத்தி யாருகிட்டயும் சொல்லிறாத, கண்ணு,” என்று கெஞ்சினார்.