முழுப் பெயர்

"உன் முழுப் பேரு என்ன, டெய்லரு?"

கல்யாணப் பத்திரிகை உறையின்மேல் பேனாவை ஊன்றிக்கொண்டு கேட்டாள் சுலோசனா. கட்டட உரிமையாளரின் மனைவி.

தைத்துக்கொண்டிருந்தவள் இயந்திரத்தின் மிதியிலிருந்து காலை எடுத்தாள்.

இந்தக் கட்டடத்துக்கு வந்து ஆறு வருடம். போன வாரம் வரை யாரும் அவள் பெயரைக் கேட்டதில்லை.

கடையை வாடகைக்கு எடுத்தவர் தணிகாசலம். பின்பாதியை அவளுக்கு உள்வாடகைக்கு விட்டிருந்தார். எல்லாம் வாய்ப்பேச்சு.

போன வாரம், கடையைக் காலி செய்யச் சொல்லும் வாடகைத் தீர்ப்பாய உத்தரவோடு கோர்ட் அமீனா வந்தார். அதற்குள் தணிகாசலம் முன்பாதியைக் காலி செய்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் போயிருந்தார்.

அமீனா அவளைப் பார்த்தார். இயந்திரத்தைப் பார்த்தார். காகிதத்தை மறுபடியும் படித்தார்.

"இதுல அவரு பேரு மட்டுந்தாங்க இருக்கு. இந்தம்மாவை வெளியே அனுப்ப தீர்ப்பாயம் சொல்லலை. இவங்க பேரு, அப்பா பேரு போட்டுத் தனியா மனு குடுங்க" என்றார் கட்டட உரிமையாளரிடம்.

மறுநாள் மின்சார மீட்டர் பார்க்க ஒருவர் வந்தார். அவள் பெயரைக் கேட்டார். அவள் சொல்லவில்லை. மீட்டரைப் பார்க்காமலே போனார்.

வியாழக்கிழமை ஒருவர் சட்டைத் துணி கொண்டுவந்தார். ரசீதில் கடைக்காரர் பெயர் வேண்டும் என்றார். அளவு கொடுக்க அவருக்கு அவசரமில்லை.

இன்று சுலோசனா வீட்டுக் கல்யாணப் பத்திரிகை.

மணப்பெண்ணின் ஏழு ரவிக்கையும் அவள் தைத்ததுதான். கல்யாணம் பொய்யில்லை.

அதுதான் சங்கடமாக இருந்தது.

போக ஆசையாகவும் இருந்தது. தன் பெயர் எழுதிய பத்திரிகை ஒன்று இந்த ஊரில் அவளுக்கு வந்ததே இல்லை.

"சொல்லும்மா. அப்பா பேரும் சேர்த்துச் சொல்லிடு."

அப்பா பேர்.

சுலோசனாவின் மடியில் மற்ற உறைகள் இருந்தன. மேலே இருந்ததில் 'இஸ்திரிக்காரர்' என்று எழுதியிருந்தது. அதற்கடியில் பாதி தெரிந்தது, 'மாடி வீட்டு டீச்சர்'.

"டெய்லர்னே போடுங்கக்கா."

"அது மரியாதையா இருக்குமா?"

அவள் சிரித்தாள். கை நீட்டிப் பேனாவை வாங்கினாள். உறையையும் வாங்கினாள். துணியில் சாக்குக்கட்டியால் கோடு போடுவதுபோல நிதானமாக எழுதினாள்.

டெய்லர்.

சுலோசனா அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உறையைத் திரும்ப வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"சரி, வர்றேன்."

பக்கத்து இஸ்திரிக் கடையில் சுலோசனாவின் குரல் கேட்டது.

"குடும்பத்தோட வந்துடணும், சொல்லிட்டேன்."